சேலத்துல குழந்தைங்க படப் புத்தகம் போட்டுக் குடுக்குற இடம்: படம் விஷயத்துல நம்ம பேச்சு எவ்ளோ எடுபடும்?

நான் எழுதின படப் புத்தகம் கைக்கு வந்ததுல இருந்து, கதை எழுதுற பழக்கம் இருக்கிற தெரிஞ்சவங்க எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான். "டீச்சர், படமெல்லாம் நீங்க சொன்ன மாதிரியே வரைஞ்சு குடுத்தாங்களா?" ஒவ்வொருத்தருக்கும் போன்ல அரை மணி நேரம் சொல்லிட்டு இருக்கேன், அதனால மொத்தமா எழுதிடுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் ஏற்காட்டுல ஒண்ணாவது ரெண்டாவது புள்ளைங்களுக்கு பாடம் எடுக்கிறேன். எங்க ஆயா, அதாவது பாட்டி, எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிச்சவங்க. கதை என்னன்னா, ஒரு சின்னப் பொண்ணு அவங்க ஆயா கூட பழம் பறிக்கப் போகுது, திடீர்னு பனி மூடிடுது, ஆயாவைக் காணோம், எப்படித் தேடிக் கண்டுபிடிக்குது, அவ்ளோதான். என் கிளாஸ்ல பாதிப் புள்ளைங்க வீட்டுல யாராவது எஸ்டேட் வேலைக்குப் போறவங்க, ஆனா எங்க அலமாரியில இருக்கிற படப் புத்தகத்துல ஒண்ணுல கூட ஒரு காப்பிச் செடி கிடையாது. இந்த ஒரு ஆதங்கத்துலதான் எழுதினேன், அதனாலதான் படம் சரியா வரணும்னு எனக்கு அவ்ளோ பிடிவாதம்.

முதல்ல பெரிய பதிப்பகத்துக்கு அனுப்பலாம்னுதான் இருந்தேன். விசாரிச்சப்போதான் அங்க வழக்கம் என்னன்னு புரிஞ்சுது. கதையை எடுத்துக்கிட்டாங்கன்னா படம் வரையிறது யாருன்னு முடிவு பண்றது பதிப்பகம்தான், எழுதினவங்க இல்ல. நமக்குத் தெரிஞ்ச ஓவியரைக் கூட்டிட்டுப் போனாலும் வாங்கிக்கணும்னு ஒண்ணும் கிடையாது, சொல்லப்போனா படத்தோட சேத்து அனுப்பாதீங்கன்னுதான் சொல்லுவாங்க. எழுதினவங்களும் வரையிறவங்களும் பெரும்பாலும் நேரா பேசிக்க மாட்டாங்க, நடுவுல எடிட்டரும் ஆர்ட் டைரக்டரும் இருப்பாங்க. நல்ல இடமா இருந்தா பென்சில் ரஃப், அதாவது கலர் அடிக்கிறதுக்கு முன்னாடி பென்சில்ல வரையிற படம், நம்ம கண்ணுல காட்டி கருத்து கேப்பாங்க. கேக்குறது வேற, நாம ஓகே சொன்னாத்தான் அச்சுக்குப் போகும்ங்கிறது வேற, ஒப்பந்தத்துல முதல்ல சொன்னது இருக்கலாம், ரெண்டாவது அனேகமா இருக்காது, புது ஆளுங்களுக்கு நிச்சயமா இருக்காது. இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு அப்போ எனக்குத் தெரியாது.

இதுல இடத்துக்கு இடம் வித்தியாசமும் இருக்கு. சென்னையில துலிகா பதிப்பகம் 1996ல ஆரம்பிச்சது, ஒரே புத்தகத்தை ஒன்பது மொழியில போடுறாங்க. அப்படி பல மொழிக்குப் போற புத்தகத்துல படத்துக்குள்ள எழுத்து இருக்கக் கூடாது, கடை போர்டுல கூட, ஏன்னா படம் அப்படியே இருக்கும், எழுத்து மட்டும்தான் மொழிக்கு மொழி மாறும். தாரா புக்ஸ் 1994ல இருந்து இருக்கு, கோண்டு பழங்குடி ஓவியர்களோட எல்லாம் புத்தகம் பண்றாங்க, அந்த மாதிரிப் புத்தகத்துல படம்தான் முன்னால நடக்கும், வார்த்தை பின்னால வரும். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்ங்கிற வெப்சைட் 2015ல வந்துச்சு, அதுல இருக்கிற படத்தை எடுத்து யார் வேணா புதுக் கதை எழுதிக்கலாம், வரைஞ்சவங்க பேரைப் போட்டா போதும். நானே என் கிளாஸுக்கு அதுல ரெண்டு கதை பண்ணியிருக்கேன். ஆனா அதுல தேடிப் பாத்த வரைக்கும் எங்க ஊரு ஆயா எனக்குக் கிடைக்கல.

அப்பதான் இந்த இடத்தைப் பத்தி சேலம் புத்தகத் திருவிழாவுல ஒருத்தங்க சொன்னாங்க. நாலு ரோட்டுப் பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடியில சின்ன ஆபீஸ். நாம காசு குடுத்தா கதையை எடிட் பண்ணி, ஓவியரைப் பிடிச்சு, லேஅவுட் பண்ணி, சிவகாசியில அச்சடிச்சு குடுத்துடுறாங்க. பேரு இங்க போடல, குறையும் சொல்லப் போறேன், மூணே பேரு வச்சு நடத்துறாங்க. 24 பக்கம், 500 காப்பி, எல்லாம் சேத்து 82,000 ரூபாய். சீட்டு எடுத்த பணம். மூணு தவணையா வாங்கிக்கிட்டாங்க, அது உதவியா இருந்துச்சு.

ஆடி மாசம், கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரம், கீழ இறங்கி ட்ராபிக்ல மாட்டி ஒரு வழியா போய்ச் சேந்தேன். கையில கதை 2 பக்கம், படத்துக்கான குறிப்பு 12 பக்கம். பொண்ணுக்கு ரெட்டை ஜடை, நீலப் பாவாடை, இடது கையில தூக்குச் சட்டி, ஆயா வலது பக்கம் நிக்கணும், வானத்துல ரெண்டு காக்கான்னு எல்லாமே எழுதி வச்சிருந்தேன். ஆபீஸைப் பாத்துக்கிற அண்ணன் பொறுமையா படிச்சாரு. படிச்சுட்டு ஒரு பென்சிலை எடுத்து, "டீச்சர், ஒவ்வொண்ணா பாப்போம், பாவாடை பச்சையா இருந்தா கதை மாறுமாங்க?"ன்னாரு. மாறாதுங்கன்னேன். அடிச்சாரு. "காக்கா இல்லாட்டி?" மாறாது. அடிச்சாரு. இப்படியே 12 பக்கமும் போச்சு, எனக்கு வயிறு எரிஞ்சுது, காசு குடுக்கிறது நான்தானேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கடைசியில மிஞ்சினது மூணு குறிப்பு. காப்பிச் செடி நிழல் மரத்துக்கு அடியில இருக்கணும், பறிக்கிறவங்க பை இடுப்புல கட்டியிருக்கணும், காட்டெருமைக்கு கால் முட்டிக்குக் கீழ வெள்ளையா இருக்கணும்.

அந்த மூணுக்கு மட்டும் அவரு பக்கத்துல "கட்டாயம்"னு எழுதி வட்டம் போட்டாரு.

ஓவியர் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில படிச்ச பொண்ணு, நல்ல கை. அவங்க நம்பர் குடுங்கன்னு கேட்டேன், தரமாட்டேன்னுட்டாரு. எல்லாம் ஆபீஸ் வழியாத்தான். இது எனக்கு ஆரம்பத்துல சுத்தமா பிடிக்கல. அப்புறம் அவரு சொன்ன காரணம், ராத்திரி பதினோரு மணிக்கு போன் போட்டு மூக்கை மாத்துங்க காதை மாத்துங்கன்னு சொல்றவங்க இருக்காங்களாம், அப்படி ஒரு புத்தகத்தையே பாதியில விட்டுட்டுப் போயிருக்காங்களாம் ஒரு ஓவியர். அதைக் கேட்டப்புறம் என்னோட 12 பக்கம் ஞாபகம் வந்துச்சு, பேசாம இருந்துட்டேன்.

வேலை நடக்கிற வரிசை இப்படி. கதை எடிட், அப்புறம் தபால் தலை சைஸ்ல எல்லாப் பக்கத்தையும் ஒரே தாள்ல வரைஞ்ச ஸ்டோரிபோர்டு, அப்புறம் பென்சில் ரஃப், அப்புறம் ஒரே ஒரு ஸ்ப்ரெட் (புத்தகத்தை விரிச்சா எதிரெதிர்ல தெரியிற ரெண்டு பக்கம்) மட்டும் கலர் சாம்பிள், அது ஓகே ஆனா மிச்சம் எல்லாம் கலர், லேஅவுட், கடைசியா சரி பாக்க ஒரு மாதிரி அச்சு, அதுதான் புரூஃப். நம்ம பேச்சுக்கு மரியாதை இருக்கிறது பென்சில் ரஃப் வரைக்கும்தான். அதுல ரெண்டு தடவை திருத்தம் இலவசம். கலர் அடிச்சப்புறம் மாத்தணும்னா ஒரு பக்கத்துக்கு 800 ரூபாய், நாம எழுதிக் குடுத்த விஷயத்துக்கு மாறா வரைஞ்சிருந்தா மட்டும் காசு கிடையாது. நியாயமான கணக்குதான்னு இப்பவும் சொல்றேன், ஒரு ஸ்ப்ரெட் கலர் பண்ண அந்தப் பொண்ணுக்கு மூணு நாலு நாள் ஆகுது.

பென்சில் ரஃப் ஐப்பசியில வந்துச்சு. திறந்து பாத்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. அழகா இருந்துச்சு, அதுல சந்தேகம் இல்ல, ஆனா அது எங்க மலை கிடையாது. மட்டமா வெட்டிவிட்ட செடி, வரிசை வரிசையா, வெயில்ல, பொம்பளைங்க தலையில பட்டை போட்டு முதுகுல கூடை தொங்குது. அது தேயிலைத் தோட்டம். கட்டாயம்னு வட்டம் போட்ட மூணுல ரெண்டு அங்கயே போச்சு. பழம் வேற செர்ரி மாதிரி நீளக் காம்புல தொங்குது. காட்டெருமைன்னு எழுதினதுக்கு எருமையை வரைஞ்சிருக்காங்க, கொம்பு பின்னால வளைஞ்சு, கால் முழுக்கக் கறுப்பா. அந்தப் பேரை வச்சிக்கிட்டு வேற என்ன பண்ணுவாங்க, பாக்காதவங்க எருமையைத்தான் வரைவாங்க. குறிப்புல வெள்ளைக் காலுன்னு இருந்தது எருமைக்கு எப்படி வெள்ளைக் காலுன்னு தப்பா எழுதிட்டாங்கன்னு நினைச்சு விட்டுட்டாங்களாம்.

இங்கதான் அந்த ஆபீஸ் மேல எனக்கு மதிப்பு வந்துச்சு. நான் போன்ல சத்தம் போட்டேன், ஒத்துக்கிறேன். அந்த அண்ணன் பதிலுக்கு ஒண்ணும் பேசல, "டீச்சர், அந்தப் பொண்ணு காப்பித் தோட்டத்தை நேர்ல பாத்ததே இல்ல, பழம் பறிக்கிற சீசன் எப்போங்க?"ன்னு மட்டும் கேட்டாரு. மார்கழியில வாங்கன்னேன். அதுவரைக்கும் வேலையை நிறுத்தி வச்சுட்டாங்க. நாலு மாசத்துல முடிச்சுத் தரேன்னது எட்டு மாசம் ஆனதுக்கு இது ஒரு பெரிய காரணம், ஆனா இந்த ரெண்டு மாசத்துக்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

டிசம்பர்ல அந்தப் பொண்ணு பஸ்ல வந்தாங்க, கூடவே அந்த அண்ணனும். அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குறதுக்குள்ள அவங்களுக்கு தலை சுத்தி வாந்தி, ஒண்டிக்கடையில இஞ்சி டீ வாங்கிக் குடுத்து கூட்டிட்டுப் போனேன். எனக்குத் தெரிஞ்ச எஸ்டேட்ல கணக்கு எழுதுற ரைட்டர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். உள்ள போனதும் அவங்க முதல்ல சொன்னது, "அக்கா, இது காடு மாதிரில்ல இருக்கு!" அதேதான் நான் கத்திட்டு இருந்தது. மேல சில்வர் ஓக் நெடுநெடுன்னு, அதுல மிளகுக் கொடி சுத்தி ஏறியிருக்கும், அதுக்கு அடியில ஆள் உயரத்துக்கு காப்பிச் செடி, இலை பளபளன்னு ஓரம் நெளிநெளியா, வெயில் காசு காசா விழும்.

ஒரு அம்மா பறிச்சுட்டு இருந்தாங்க. சாக்கை ரெண்டா மடிச்சுத் தைச்ச பை, இடுப்புல கயித்துல கட்டியிருந்தாங்க, ஏன்னா கிளையை வளைச்சுப் பிடிக்க ஒரு கை வேணும், பழத்தைப் பறிக்க ஒரு கை வேணும், பைக்குன்னு தனியா கை கிடையாது. பழம் கிளையோட ஒட்டி, கணுவுக்குக் கணு கொத்தா உக்காந்திருக்கும், அதுல செவந்ததை மட்டும் கட்டை விரலால திருகி எடுக்கணும், பச்சையை விட்டுடணும். அந்தப் பொண்ணு ஒரு மணி நேரம் அந்தக் கையை மட்டும் வரைஞ்சாங்க. நகத்துக்கு அடியில கறை ஏறியிருக்கிறதை வரைஞ்சாங்க. எங்க ஆயா கையில அந்தக் கறை இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன், என் குறிப்பு 12 பக்கத்துல எங்கயும் அது இல்ல.

காட்டெருமையும் சாயந்தரம் ரோட்டோரம் நின்னுச்சு, தூரத்துல இருந்து பாத்தாங்க. வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி நாலு காலும்.

அதுக்கப்புறம் வந்த ரஃப்ல நான் திருத்தச் சொன்னது ரெண்டே ரெண்டு. அதை விட முக்கியம், அவங்க வரைஞ்சதைப் பாத்து நான் என் கதையில வெட்டினது. பனி மூடுற பக்கத்துக்கு நான் நாலு வரி எழுதியிருந்தேன், பனி எப்படி வருது, மரம் எப்படி மறையுது, பஞ்சு மாதிரி, பால் மாதிரின்னு. அவங்க அந்த ஸ்ப்ரெட்டை கிட்டத்தட்ட வெள்ளையாவே விட்டுட்டாங்க, மூலையில ஒரு துண்டு சிவப்பு மட்டும், பொண்ணோட ரிப்பன். ஆபீஸ்ல இருந்து "அந்த நாலு வரி இனி வேணுமாங்க?"ன்னு கேட்டாங்க. ரெண்டு நாள் யோசிச்சேன். "ஒண்ணும் தெரியல. ஆயா குரல் மட்டும் கேட்டுச்சு"ன்னு மாத்தினேன். ஆயாவுக்கு முட்டி வலின்னு மூணு எடத்துல எழுதியிருந்ததும் போச்சு, ஏன்னா அவங்க ஒவ்வொரு பக்கத்துலயும் ஆயாவை எதையாவது பிடிச்சுட்டு நிக்கிற மாதிரியே வரைஞ்சிருக்காங்க, மரத்தை, கல்லை, பொண்ணு தோளை.

அதனால படத்துல நம்ம பேச்சு எவ்ளோ எடுபடும்னு கேட்டா, என் அனுபவத்துல, நம்ம ஊரு, நம்ம வேலை, நம்ம சனங்க சம்பந்தப்பட்டது தப்பா வந்தா சண்டை போட்டாவது மாத்த வைக்கலாம், மாத்த வைக்கணும், இந்த இடத்துல கேக்குறாங்க. முகம், நிறம், எந்தப் பக்கத்துல யாரு எவ்ளோ பெருசுங்கிறது அவங்க வேலை. எனக்கு இது சரியாத்தான் படுது. காசு நான் குடுத்தேன்ங்கிறதால பெரிய பதிப்பகத்தை விட எனக்குக் கூட ஒரு பிடி இருந்துச்சு, அதை நான் அந்தத் தேயிலைக்கூடையை எடுக்கத்தான் பயன்படுத்தினேன்.

இனி குறைங்க. மடிப்பு விஷயம் பெரிய குறை. பத்து ஸ்ப்ரெட்ல ஒண்ணுல ஆயா முகம் சரியா நடு மடிப்புல விழுந்திருக்கு, ஸ்கிரீன்ல பாத்தா தெரியாது. நான் எல்லாப் பக்கத்தையும் ஏ4ல பிரிண்ட் எடுத்து மடிச்சு ஸ்டேப்ளர் பின் அடிச்சு கிளாஸ்ல வாசிச்சுக் காட்டினேன், அப்போ ஒரு பையன் "டீச்சர், ஆயா மூக்குல பின்னு"ன்னான். அப்புறம்தான் மாத்தினாங்க, காசு வாங்கல. ஆனா இதை அவங்கல்ல பாத்திருக்கணும், இப்படி மடிச்சு டம்மி செஞ்சு பாக்குறது முதல் வேலையில்லையா. நீங்க எங்க பண்ணாலும் நீங்களே ஒரு டம்மி மடிச்சுப் பாத்துடுங்க, ஸ்டோரிபோர்டு கட்டத்துலயே.

கலரும் கொஞ்சம் ஏமாத்தம். கம்ப்யூட்டர்ல பளிச்னு தெரியிற பச்சையும் சிவப்பும் அச்சு மைக்கு மாத்தும்போது மங்கிடுது, இது எல்லா இடத்துலயும் உள்ளதுதான், ஆனா முன்னாடியே சொல்லியிருக்கலாம். முதல் புரூஃப்ல காப்பிப் பழம் பழைய பீட்ரூட் மாதிரி இருந்துச்சு, திருப்பி அனுப்பினேன், ரெண்டாவது புரூஃப் பரவாயில்ல. புரூஃபை ட்யூப்லைட்ல பாக்காதீங்க, வெளிய வெளிச்சத்துக்கு எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. தாளோட கனம் 170 ஜிஎஸ்எம், அட்டை 300, மேட் லேமினேஷன், புள்ளைங்க கையில தாங்குது, அதுல ஒரு குறையும் இல்ல.

ஒப்பந்தம் ஒத்தை பக்கம்தான், அதுவும் இங்கிலீஷ்ல. படத்தோட உரிமை யாருக்கு, எத்தனை வருஷத்துக்குன்னு ஒரு வரி கூட இல்ல. எங்க சொந்தத்துல ஒரு வக்கீல் தம்பி இருக்கு, அது சொல்லித்தான் தெரிஞ்சுது, 1957 காப்புரிமைச் சட்டத்துல 19வது பிரிவுப்படி உரிமையை மாத்திக் குடுக்கிறது எழுத்துல இருக்கணும், காலம் எவ்ளோன்னு குறிப்பிடலைன்னா அஞ்சு வருஷம்னு எடுத்துக்குவாங்களாம், எந்த ஊருக்குன்னு குறிப்பிடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். அஞ்சு வருஷம் கழிச்சு மறுபதிப்பு போடணும்னா என்ன பண்றது? கேட்டேன், அண்ணன் உண்மையிலேயே யோசிக்காம விட்டிருக்காரு. அந்தப் பொண்ணையும் உக்கார வச்சுப் பேசி, புத்தகத்துக்கு எத்தனை பதிப்பு வேணா போட்டுக்கலாம், கிளாஸ்ல சார்ட்டா மாட்டிக்கலாம், காலண்டர் மாதிரி விக்கிறதுன்னா அவங்களுக்குத் தனியா பணம், மூலப் படம் அவங்களோடதுன்னு தமிழ்ல எழுதி மூணு பேரும் கையெழுத்து போட்டோம். இனி எல்லாருக்கும் இதே மாதிரிதான் போடப் போறோம்னு சொன்னாரு. அட்டையில அவங்க பேரும் என் பேரும் ஒரே சைஸ்ல போடச் சொன்னேன், அதுக்கு யாரும் மறுப்பு சொல்லல.

அட்டை மட்டும் நான் தோத்த இடம். பனியோட அந்த வெள்ளைப் படத்தைத்தான் அட்டையில போடணும்னு நான் நின்னேன். வெள்ளை அட்டை அழுக்காகும், கடையில தூரத்துல இருந்து கண்ணுக்குத் தெரியாதுன்னு சொல்லி மஞ்சள் பின்னணியில ஆயாவும் பேத்தியும் சிரிக்கிற மாதிரி போட்டுட்டாங்க. இன்னும் எனக்கு அது ஒட்டல. கதையில ரெண்டு பேரும் அப்படிச் சேந்து சிரிக்கிறதே கடைசிப் பக்கத்துலதான், அதை வாசல்லயே காட்டிட்ட மாதிரி இருக்கு. இதை அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஒண்ணு குறைச்சது மடிப்புக்கும் ஒப்பந்தத்துக்கும். 82,000 சின்னக் காசு இல்ல, வித்து எடுத்துடலாம்னு நினைச்சு யாரும் போகாதீங்க, 500ல எனக்கு இன்னும் 180 காப்பி வீட்ல இருக்கு. போறதா இருந்தா கதையை முடிச்சுட்டுப் போங்க, கையில கட்டாயம்னு வட்டம் போட நாலஞ்சு விஷயத்துக்கு மேல எடுத்துட்டுப் போகாதீங்க, அந்த நாலஞ்சுக்கும் போட்டோ எடுத்துட்டுப் போங்க. நான் அன்னைக்கே காப்பிச் செடிய நாலு போட்டோ எடுத்துக் குடுத்திருந்தா ரெண்டு மாசம் மிச்சம், அந்தப் பொண்ணுக்கு வாந்தியும் மிச்சம். ஆனா அந்த நகக்கறை படம் வந்திருக்குமான்னு தெரியல.

பங்குனியில புத்தகக் கட்டு வந்த அன்னைக்கு கிளாஸ்ல வாசிச்சேன். பனிப் பக்கத்தைத் திருப்பினதும் ஒரு நிமிஷம் யாரும் பேசல, அப்புறம் ரெண்டாவது படிக்கிற ஒரு பொண்ணு எழுந்து வந்து அந்தச் சிவப்பு ரிப்பன் மேல விரலை வச்சு, "இங்க இருக்கா டீச்சர்"ன்னுச்சு. அடுத்த பக்கத்துல ஆயா கையைப் பாத்துட்டு, "இது எங்க அம்மா கை"ன்னு சொல்லுச்சு இன்னொண்ணு. அந்தப் பக்கத்தை இப்போ நாப்பது விரல் தொட்டுத் தொட்டு ஓரம் கசங்கிப் போச்சு, வேற காப்பி மாத்தி வச்சிருக்கேன்.